கல்லீரலுக்குத் திரும்பிய ரத்தம்

நேற்றுவரை ஓடியாடிய குழந்தை. இரண்டு நாள் சளி, காய்ச்சல். திடீரென்று ரத்த வாந்தி. “புள்ள ரத்தமா கக்குதுங்கய்யா” என்று தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். தொட்டுப் பார்த்தால் இடது விலாவுக்குக் கீழே வீங்கிய மண்ணீரல் கெட்டியாகத் தட்டுப்படும். காமாலை இருக்காது. கல்லீரல் பரிசோதனைகளும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அறுவை மருத்துவனாக நான் வேலை பார்த்த காலம் முழுக்க இந்தக் குழந்தைகள் வந்துகொண்டே இருந்தார்கள். இவர்களுக்கான சிகிச்சையின் வரலாறு, ஆரோக்கியமான கல்லீரலை மருத்துவம் எவ்வளவு காலம் ஒதுக்கி வைத்திருந்தது என்பதன் வரலாறும்கூட.

குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் ரத்தத்தைக் கல்லீரலில் சேர்ப்பது போர்ட்டல் சிரை. அது உறைந்து அடைபட்டால், மதகு அடைத்த வாய்க்கால் கரையை உடைத்துக்கொண்டு போவதுபோல் ரத்தம் வேறு வழி தேடும். உணவுக்குழாயின் அடிப்பகுதியில் உள்ள மெல்லிய நாளங்கள் புடைத்து, ஒரு நாள் வெடிக்கும். பிறந்த குழந்தையின் தொப்புளில் ஏற்பட்ட சீழ்த்தொற்று, தொப்புள் சிரையில் செலுத்திய குழாய், ரத்தம் எளிதில் உறையும் பிறவிக் கோளாறு என்று சில காரணங்கள் தெரியும். பல குழந்தைகளிடம் எந்தக் காரணமும் பிடிபடாது.

முதலில் பழி விழுந்தது மண்ணீரல்மீது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலிய மருத்துவர் குயிதோ பான்டி, நோயின் ஊற்று மண்ணீரலே என்றார். அதை அகற்றுவது பல பத்தாண்டுகளுக்கு வழக்கமாக இருந்தது. மண்ணீரலை எடுத்த பிறகும் ரத்தம் கக்கிய குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். அழுத்தம் குறைய, ரத்தத்தை வேறொரு சிரையோடு இணைத்துத் திருப்பிவிட வேண்டும். ஆனால் அடைபட்ட போர்ட்டல் சிரையைச் சுற்றி முளைக்கும் நாளக்கொத்தில் தையல் நிற்காது. ரத்தத்தைத் திருப்பிவிட எஞ்சியிருக்கும் நல்ல குழாய்களில் முக்கியமானது மண்ணீரல் சிரை. மண்ணீரலை மட்டும் எடுத்தால் அந்த வழியும் அடைபட்டுப்போகும். வயிற்றில் நீண்ட தழும்போடு வந்த ஒரு சிறுமிக்கு இணைப்பு போட ஒரு நல்ல சிரை கிடைக்காமல் நாங்கள் தவித்த தவிப்பு இன்னும் என்னை உறுத்துகிறது.

மாற்றுவழியின் விதை ரஷ்யாவில் விழுந்தது. 1877இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிக்கோலாய் எக் என்ற ராணுவ மருத்துவர், நாய்களின் போர்ட்டல் சிரையை, இதயத்துக்குப் போகும் கீழ்ப் பெருஞ்சிரையோடு தைத்து, கல்லீரலுக்குப் போகும் பக்கத்தைக் கட்டிவிட்டார். எட்டு நாய்களில் ஒன்றுதான் சில வாரங்களுக்கு மேல் பிழைத்தது. அதுவும் ஆய்வுக்கூடத்திலிருந்து ஓடிப்போனது. 1893இல் பாவ்லோவும் அவருடைய சகாக்களும் இதே அறுவையைச் செய்து பார்த்தார்கள். இறைச்சி தின்ற நாய்கள் நிதானமிழந்து தள்ளாடின. கல்லீரலைத் தொடாமல் போகும் ரத்தம் மூளையைப் பாதிக்கும் என்ற எச்சரிக்கை அன்றே கிடைத்துவிட்டது.

1945இல் நியூயார்க்கில் ஆலன் விப்பிளும் ஆர்தர் பிளேக்மோரும் மனிதர்களுக்கு இந்த இணைப்பைச் செய்த அனுபவத்தை வெளியிட்டார்கள். அடைப்பு கல்லீரலுக்குள்ளேயா, வெளியேயா என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்று விப்பிள் வலியுறுத்தியது, நம் குழந்தைகளைப் பொறுத்தவரை பெரிய திருப்பம். பாஸ்டனில் ராபர்ட் லின்டன், மண்ணீரலை எடுத்துவிட்டு அதன் சிரையை இடது சிறுநீரகச் சிரையோடு இணைக்கும் முறையை நிலைநாட்டினார். 1955இல் அமெரிக்கக் குழந்தை அறுவை மருத்துவர் வில்லியம் கிளாட்வொர்தி, கீழ்ப் பெருஞ்சிரையை வெட்டிக் குடல் சிரையோடு சேர்த்தார். ரத்தப்போக்கு நின்றது. சிலருக்குக் கால் வீங்கியது.

லின்டன் வழிவந்த அறுவைதான் நம் நாட்டில் நிலைத்தது. சிறுநீரகச் சிரையின் ஓரத்தை வளைந்த கவ்வியால் பிடித்து, நீள்வட்டமாகத் திறந்து, மண்ணீரல் சிரையின் வாயைக் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் புரோலீன் நூலால் சுற்றித் தைக்க வேண்டும். நூலை இழுத்துக் கட்டினால் வாய் சுருங்கும். தளர விட்டால் கசியும். சிரை திருகினால் அடுத்த நாளே உறையும். கவ்விகளை எடுத்ததும் விரலைச் சிரைமேல் வைத்துப் பார்ப்போம். ரத்தம் பாயும் சிலிர்ப்பு விரலுக்குத் தெரியும். குடல்மேல் விறைத்து நின்ற நாளங்கள் அப்போதே தளர்ந்துவிடும்.

டெல்லி எய்ம்ஸில் சமீரன் நந்தி உள்ளிட்ட குழு 1976 முதல் 1992 வரை 160 குழந்தைகளுக்கு இதைச் செய்து முடிவுகளை வெளியிட்டது. திட்டமிட்டுச் செய்த 140 அறுவைகளில் ஒரு குழந்தை இறந்தது. ரத்தப்போக்கு கட்டுப்படாமல் அவசரமாகச் செய்த 20 அறுவைகளில் இருவர் இறந்தார்கள். மீண்டும் ரத்தம் கக்கியவர்கள் 11 சதவீதம். அடிக்கடி ரத்தம் ஏற்ற முடியாத, பெரிய மருத்துவமனை பக்கத்தில் இல்லாத குடும்பங்களுக்கு ஒரே அறுவையில் கிடைத்த பாதுகாப்பு இது. பிறகு எண்டோஸ்கோப்பி வழியாக நாளங்களுக்கு ரப்பர் வளையம் போடும் முறை வந்தது. இன்று முதலில் செய்யும் சிகிச்சை அதுதான். ஆனால் வளையம் புடைப்பை அடைக்கும், அழுத்தத்தைக் குறைக்காது.

இத்தனைக்கும் பிறகும் கல்லீரல் பட்டினி கிடந்தது. அந்தக் குறையைத் தீர்த்தவர் பிரஸ்ஸல்ஸில் பணியாற்றிய ஜான் டி வில் டி கொயே. 1992இல் அவர் குழந்தையின் கழுத்துச் சிரையில் ஒரு துண்டை எடுத்து, குடல் சிரைக்கும் கல்லீரலின் இடப்பக்கப் போர்ட்டல் கிளைக்கும் பாலமாகத் தைத்தார். அந்தக் கிளை ஒளிந்திருக்கும் பள்ளத்துக்கு உடற்கூறியலாளர் ஹியூகோ ரெக்ஸின் பெயர் உண்டு. கல்லீரல் மாற்றம் செய்த குழந்தைக்காகத் தொடங்கிய இந்த முறை, சில ஆண்டுகளில் சொந்தக் கல்லீரல் உள்ள குழந்தைகளுக்கும் வந்தது. அழுத்தமும் குறைகிறது, கல்லீரலுக்கு ரத்தமும் கிடைக்கிறது. வளர்ச்சியிலும் கவனத்திறனிலும் முன்னேற்றம் பதிவாகியிருக்கிறது.

உள்கிளை திறந்திருந்தால்தான் இது சாத்தியம். எல்லாருக்கும் அந்த வாய்ப்பு இருப்பதில்லை. அது இல்லாதவர்களுக்கு மண்ணீரல் சிரை இணைப்பு இன்றும் நல்ல சிகிச்சை. இளைய மருத்துவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: ரத்தம் கக்கிய குழந்தையின் மண்ணீரலில் கத்தி வைக்கும் முன்பு, கல்லீரலுக்குள் வழி இருக்கிறதா என்று படம் எடுத்துப் பாருங்கள். கழுத்துச் சிரைகளையும் தேவையில்லாமல் குத்திக் கெடுக்காதீர்கள். எந்த அறுவை என்ற முடிவில் ஐம்பது, அறுபது வருட வாழ்க்கை அடங்கியிருக்கிறது.