துளை அட்டையும் அப்பாவின் கதையும்



கணினியைப் பற்றிப் பேச இளையர்களை அழைக்காமல் இந்தப் பாட்டியை ஏன் அழைத்தார்கள் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நான் கணினித் துறையில் பட்டம் பெற்றவள் அல்ல. ஆனால் 1974ஆம் ஆண்டில், பத்தொன்பது வயதில், சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் அட்டைகளில் துளையிடும் பணிக்குச் சேர்ந்தவள். அந்தப் பழக்கத்தில் நான் கண்ட லாபத்தையும், பட்ட ஒரு நட்டத்தையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

குளிர் அறையில் ஒரு வேலை

அந்தக் காலத்தில் நாங்கள் கணினிக்கு முன்னால் உட்கார்ந்ததே இல்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால், தனி அறையில், அது ராஜாவைப் போல இருக்கும். எங்களுக்குக் கொடுத்தது ஐபிஎம் 029 என்ற துளையிடும் இயந்திரம். தட்டச்சு இயந்திரத்தை ஒரு மேசையோடு சேர்த்துச் செய்ததுபோல் இருக்கும். ஒரு விசையைத் தட்டினால் கெட்டியான அட்டையில் ‘டக்’ என்று துளை விழும். இருபது பெண்கள் ஒரே நேரத்தில் தட்டினால் தகரக் கூரையில் மழை பெய்வதுபோல் சத்தம் கேட்கும்.

ஓர் அட்டைக்கு 80 பத்திகள். ஒவ்வொரு பத்தியிலும் துளையிட 12 இடங்கள். எண் என்றால் ஒரு துளை, ஆங்கில எழுத்து என்றால் இரண்டு துளைகள். அமெரிக்காவில் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஹெர்மன் ஹொலரித் துளை அட்டைகளைப் பயன்படுத்தினார். 80 பத்தி அட்டையை ஐபிஎம் நிறுவனம் 1928ல் கொண்டுவந்தது. கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் கழித்து, அதே அட்டையில்தான் நாங்கள் சம்பளக் கணக்குப் போட்டோம்.

ஒருவர் துளையிட்டதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். எப்படி? அதே தாளை வைத்துக்கொண்டு, சரிபார்க்கும் இயந்திரத்தில் மறுபடியும் முழுவதையும் தட்ட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் அட்டையின் வலது ஓரத்தில் ஒரு சிறு வெட்டு விழும். ஒத்துப்போகாவிட்டால், தவறு நேர்ந்த பத்திக்கு நேர் மேலே வெட்டு விழும். அந்த மேல்வெட்டைப் பார்த்தாலே எங்களுக்கு முகம் சுருங்கிவிடும். ஒருவரின் கூலி இன்னொருவரின் விரல் நுனியில் இருக்கிறது என்பதை அந்த வெட்டுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் அட்டைகள் ஊதிப்போய் இயந்திரத்தில் சிக்கிக்கொள்ளும். அதனால் எங்களுக்காக அல்ல, அட்டைக்காகவும் இயந்திரத்துக்காகவும் குளிரூட்டி ஓடிக்கொண்டே இருக்கும். நாங்கள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வேலை செய்வோம்.

ஒருமுறை படிக்கட்டில் கால் இடறி, ஒரு தட்டு அட்டைகளையும் கொட்டிவிட்டேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. மேலதிகாரி திட்டவில்லை. கட்டின் மேல்புறத்தைக் காட்டினார். அட்டைகளை அடுக்கி, அந்தப் பக்கத்தில் பேனாவால் ஒரு சாய்வுக் கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோடு மறுபடியும் நேராகச் சேரும்வரை அடுக்கினால் போதும், வரிசை வந்துவிடும். அன்று மாலை ஆறு மணிக்குள் கோடு சேர்ந்தது, எனக்கும் உயிர் வந்தது.

திரையில் தமிழ்

1981ல் இங்கே தேசியக் கணினி வாரியம் அமைந்தது. அதே ஆண்டில்தான் ஐபிஎம் தன் சொந்தக் கணினியை வெளியிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் எங்கள் அட்டைப் பிரிவை மூடினார்கள். சிலர் வேலையை விட்டார்கள். என்னைப் போன்ற சிலர் திரைக்கு முன்னால் உட்காரக் கற்றுக்கொண்டோம். நினைவுக்காக ஒரே ஓர் அட்டையை எடுத்துவந்தேன். இன்றும் அது என் புத்தகத்தில் பக்க அடையாளமாக இருக்கிறது.

அட்டையில் ஆங்கிலம் மட்டும்தான். திரையிலாவது தமிழ் வருமா என்று ஏங்கியவர்கள் நம்மிடையே பலர். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 முதலே ‘முரசு’ மென்பொருளை உருவாக்கி வந்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி ‘கணியன்’ என்ற பெயரில் தமிழ் எழுத்துருக்களைச் செய்தார். 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதை இணையத்தளத்தில் தமிழ்க் கவிதைகளும் இடம்பெற்றதற்குக் கோவிந்தசாமியின் உழைப்பு ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் அன்று ஒரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென்று ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. ஒன்றில் ‘க’ இருக்கும் இடத்தில் இன்னொன்றில் ‘ம’ இருக்கும். தட்டச்சு செய்த எழுத்துரு இல்லாவிட்டால் கோப்பு இருந்தும் பயனில்லை. அதன் வலியை நான் என் வீட்டிலேயே அனுபவித்தேன்.

அப்பா சொல்லச் சொல்ல

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். தஞ்சோங் பகார் வட்டாரத்தில் வாழ்ந்தவர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்ததை நேரில் கண்டவர். 1994ல், “எழுதத் தெரியாதவன் கதையை யாரம்மா கேட்பார்கள்?” என்று கேட்டார். நான் கேட்கிறேன் என்று சொல்லி, ஞாயிறுதோறும் அவர் சொல்லச் சொல்லக் கணினியில் தட்டச்சு செய்தேன். நாற்பது பக்கங்கள் வந்தன. ஒரே ஒரு மூன்றரை அங்குல வட்டில் சேமித்தேன். அந்த வட்டு சுமார் 18,000 அட்டைகளுக்குச் சமம். ஒரு பெட்டிக்கு 2,000 அட்டை என்றால் ஒன்பது பெட்டிகள்! அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா?

அப்பா 1996ல் காலமானார். 1998ல் பழைய கணினியைக் கழித்துவிட்டுப் புதியது வாங்கினோம். எழுத்துருவை எடுத்துவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. 2009ல் அப்பாவின் நினைவு நாளுக்காக அந்த வட்டைத் திறந்தபோது, திரையில் தமிழ் இல்லை. தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசை வரிசையாக நின்றன. எழுத்துரு வாங்கிய சிறிய கடையும் மூடிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்றிரவு நான் உறங்கவில்லை.

என் அக்காள் மகன்தான் வழி சொன்னான். “சின்னம்மா, எழுத்து அழியவில்லை. எந்தக் குறி எந்த எழுத்து என்பதைத்தான் மறந்துவிட்டோம். அச்சிட்ட பக்கம் ஒன்றாவது இருக்கிறதா?” என்று கேட்டான். அப்பாவின் டிரங்குப் பெட்டியைக் குடைந்தோம். அவர் படிக்கச் சொல்லிக் கேட்பதற்காக நான் அச்சிட்டுக் கொடுத்த முதல் இரண்டு பக்கங்கள், பழைய கடவுச்சீட்டுக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

தாளை ஒருபுறம், திரையை மறுபுறம் வைத்து, குறிக்கு எழுத்தாக ஒப்பிட்டோம். இருபது வயதில் துளையைப் பார்த்து எழுத்தைச் சொன்ன பழக்கம் ஐம்பத்து நான்கு வயதில் கைகொடுத்தது. ‘கெ’ என்றால் பழைய எழுத்துருவில் கொம்பு முன்னே, ‘க’ பின்னே. ஒருங்குறியில் ‘க’ முன்னே, கொம்பு பின்னே. அதையெல்லாம் மாற்றிப் போட அவன் ஒரு சிறு நிரல் எழுதினான். ஒரு மாதத்தில் முப்பத்தேழு பக்கங்கள் மீண்டன. மூன்று பக்கங்கள் வரவில்லை. வட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது. அந்த மூன்று பக்கங்களில்தான் அம்மாவை அவர் முதன்முதலில் பார்த்த கதை இருந்தது. இப்போது அதைச் சொல்ல யாரும் இல்லை.

ஒப்பந்தம்தான் எழுத்து

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நம்மவர்கள் பாடுபட்டார்கள். 1997ல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999ல் சென்னையில் கூடியது. அதையடுத்துத் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற தரங்களை ஏற்றது. இணைய அன்பர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்துத் திஸ்கியை உருவாக்கினார்கள். 1991 முதலே தமிழுக்கு இடம் தந்திருந்த ஒருங்குறி, பின்னர் எல்லாவற்றுக்கும் பொதுவானது. நா. கோவிந்தசாமி 1999ல் மறைந்துவிட்டார். இன்று நம் பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் தமிழில் செய்தி அனுப்புவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

நேயர்களே, 1974ல் நான் துளையிட்ட அட்டையை இன்றும் கண்ணால் படிக்கலாம். துளைக்கு மேலேயே எழுத்தும் அச்சாகியிருக்கும். இருபது ஆண்டுகள் கழித்து அதைவிட நவீனமான வட்டில் வைத்ததைத்தான் படிக்க முடியாமல் போனது. தவறு இயந்திரத்தின் மேல் இல்லை. இந்தக் குறிக்கு இந்த எழுத்து என்று எல்லாரும் ஒப்புக்கொண்டால்தான் அது எழுத்து. இல்லாவிட்டால் வெறும் கிறுக்கல்.

உங்கள் வீட்டு மேசை இழுப்பறையிலும் பழைய வட்டுகள் இருக்கலாம். சங்கத்து ஆண்டு மலர், திருமண வாழ்த்து மடல், மேடையேறிய நாடகம் என்று ஏதாவது இருக்கும். தூக்கி எறியாதீர்கள். ஈரமும் வெயிலும் படாமல் வையுங்கள். அந்த எழுத்துருவில் அச்சிட்ட தாள் ஒன்று கிடைத்தால் அதையும் சேர்த்து வையுங்கள். விவரம் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து ஒருங்குறிக்கு மாற்றுங்கள். வீட்டில் கதை சொல்லப் பெரியவர்கள் இருந்தால், வட்டை நம்பிக் காத்திருக்காமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டு எழுதுங்கள். எழுதியதில் ஒரு படியைத் தாளிலும் எடுத்து வையுங்கள்.