மதியிறுக்கப் பயிற்சியில் உடன்பிறந்தோர் பங்கு

மதியிறுக்கம் அல்லது ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அளிக்கப்படும் பயிற்சியில் அதன் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை ஆகியோரையும் ஈடுபடுத்துவது உடன்பிறந்தோர் வழிப் பயிற்சி எனப்படும். சேர்ந்து விளையாடுதல், முறை வைத்து ஆடுதல், பேச்சு ஆகிய திறன்களை வளர்க்க இது பயன்படுகின்றது. இது வல்லுநர் அளிக்கும் சிகிச்சைக்குத் துணையே அன்றி மாற்று அன்று.

அடிப்படை

மதியிறுக்கம் உள்ள குழந்தைகள் பலருக்கு ஓரிடத்தில் கற்றதை வேறிடத்தில் பயன்படுத்துவது கடினம். பயிற்சி அறையில் பெரியவருடன் பழகிய திறன் வீட்டில் பிற குழந்தைகளுடன் வெளிப்படாமல் போகலாம். உடன்பிறந்தோர் நாள்தோறும் உடன் இருப்பவர்கள். பெற்றோர் காலத்திற்குப் பின்னும் தொடரும் உறவினர்கள்.

வரலாறு

1983 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஷ்ரீப்மன், ஓநீல், கெகல் ஆகியோர் மூன்று உடன்பிறந்தோர் இணைகளிடம் ஆய்வு நடத்தினர். பயிற்சி பெற்ற பிள்ளைகள் கற்பிக்கும் முறையைத் திறம்படக் கையாண்டனர். மதியிறுக்கம் உள்ள குழந்தையைப் பற்றி அவர்கள் கூறும் குறைகள் குறைந்து, நல்ல சொற்கள் மிகுந்தன. 1993 இல் செலிபெர்ட்டி, ஹாரிஸ் ஆகியோர் விளையாட்டுத் திறன்களை மையமாகக் கொண்டு இம்முறையை ஆய்ந்தனர். 2000 இல் வெளியான பேக்கரின் ஆய்வில், குழந்தை மீண்டும் மீண்டும் நாடிய பொருள்களே பிங்கோ விளையாட்டாக மாற்றப்பட்டன; உடன்பிறந்தோருடன் சேர்ந்து விளையாடுவது அதிகரித்தது.

செயன்முறை

1. மதியிறுக்கம் பற்றி வயதுக்கு ஏற்ப விளக்குதல்.
2. குழந்தையின் கவனத்தைப் பெற்ற பின் சுருக்கமாகச் சொல்லப் பழக்குதல்.
3. பதில் வரும்வரை காத்திருத்தல், தேவைப்பட்டால் செய்து காட்டுதல்.
4. சிறு முயற்சியையும் உடனே பாராட்டுதல்.

பயிற்சி சில நிமிடங்களே நீடிக்கும் விளையாட்டாக அமைவது நல்லது. பெரியவர் ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும்.

வரம்புகள்

ஆய்வுகள் பெரும்பாலும் மிகச் சில குழந்தைகளையே கொண்டவை. ஆகவே முடிவுகளை எல்லோருக்கும் பொதுவாகக் கொள்ள இயலாது. மேலும், உடன்பிறந்த பிள்ளையும் ஒரு குழந்தையே. விருப்பமின்றி ஈடுபடுத்தினால் விளையாட்டு கடமையாகி, உறவில் கசப்பு உண்டாகலாம். மறுக்கும் உரிமையும், பெற்றோருடன் தனியாகக் கழிக்கும் நேரமும் அதற்குத் தேவை. அதற்கும் மதியிறுக்கம் இருக்கக்கூடும். 2024 இல் வெளியான ஆய்வொன்றில், மதியிறுக்கம் உள்ளோரின் இளைய உடன்பிறந்தோரில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினருக்கு அது கண்டறியப்பட்டது.

அமெரிக்காவில் டொன் மேயர் உருவாக்கிய சிப்ஷாப் கூட்டங்கள், சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளின் உடன்பிறந்தோர் ஒன்றுகூடி விளையாடவும் தம் மனக்குறைகளைப் பகிரவும் இடமளிக்கின்றன.