மைனரின் கியர் பொக்ஸிலிருந்து வடிந்த வரலாறு



கொஞ்சம் நீண்ட பதிவு. பழைய கார் வைத்திருப்பவர்களும், வைத்திருந்த வாப்பாமாரின் பிள்ளைகளும் கட்டாயம் வாசியுங்கள்.

போன பாடசாலை விடுமுறையில் எங்கள் வாப்பாவின் 1958 மொரிஸ் மைனரின் கியர் பொக்ஸைக் கழுவினோம். ஊரில் எத்தனையோ மாப்பிள்ளைமார் கலியாணத்துக்குப் போய் இறங்கிய கார் அது. கொஞ்ச நாளாக இரண்டாம் கியர் விழ மறுத்தது. காலையில் முரண்டு பிடிக்கும், சூடானால் கிறீச் என்று கத்தும். "வயசாச்சு, வித்துப் போடுங்க" என்றார்கள் சிலர். எங்களுக்கு மனம் வரவில்லை. எங்கள் தெருவில் 50 வருடத்துக்கு மேலாக சாவி பிடித்த மெக்கானிக் நானாவிடம் போனோம். இப்போது அவருக்குக் கை நடுங்குகிறது. கராஜை மூடி விட்டார். ஆனாலும் வந்து கதிரை போட்டு உட்கார்ந்து, எங்கள் கையால் வேலை செய்வித்தார்.

அவர் சொன்ன முதல் வார்த்தை: "சேர், கழுவ முந்தி பாருங்க. கழுவினா எல்லாம் போயிடும்."

வரலாறு படிப்பிக்கும் நமக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அன்று பார்த்ததையும், அதன் பின்னால் இருக்கும் கதையையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் கியர் பொக்ஸின் கதை.

இன்று நாம் ஓட்டும் காரின் அமைப்பு பிரான்ஸில் பிறந்தது. 1891 இல் பன்ஹார் லெவஸோர் நிறுவனம் இயந்திரத்தை முன்னால் வைத்து, அதன் பின்னே கிளச்சையும் பற்சக்கரங்களையும் வைத்து, பின் சில்லுகளைச் சுழற்றியது. அந்தப் பற்சக்கரங்கள் ஆரம்பத்தில் திறந்த வெளியில்தான் சுழன்றன. வீதித் தூசி முழுக்க அதில்தான் விழும். கிறீஸைப் பூசிப் பூசி ஓட்டினார்கள். சில வருடங்களில் அவற்றை ஒரு பெட்டிக்குள் மூடி ஒயிலில் குளிக்க விட்டார்கள். கியர் 'பொக்ஸ்' ஆனது அப்போதுதான். வெளித் தூசி உள்ளே வருவது நின்றது. ஆனால் உள்ளே தேய்ந்து விழும் தூள் வெளியே போக வழியில்லாமல் போனது. ஒயிலை வடித்துக் கழுவும் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

1898 டிசம்பர் 24 அன்று லூயி ரெனோ என்ற 21 வயது இளைஞர் தான் செய்த சின்னக் காரில் பாரிஸின் மொன்மார்த் மேட்டில் ஏறிக் காட்டினார். அங்குள்ள லெப்பிக் வீதி செங்குத்தான ஏற்றம். அவருடைய கியர் பொக்ஸில் உச்ச கியர் பற்சக்கரங்களைச் சுற்றிப் போகாமல் நேராகவே பின் சில்லுக்குச் சக்தியைக் கொடுத்தது. மைனரின் நான்காம் கியரும் அதே முறைதான். சமதரையில் நான்காவதில் போகும்போது கியர் பொக்ஸுக்குப் பாரம் குறைவு. ஏற்றத்தில் இரண்டுக்கும் மூன்றுக்கும் மாற்றும்போதுதான் பற்கள் உழைக்கின்றன.

மாவனல்லையிலிருந்து கடுகண்ணாவை ஏறிய டிரைவர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. 1820களில் ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில் கெப்டன் டோசன் வெட்டிய அந்த வீதி மாட்டு வண்டிக்காக அமைந்தது. அதன் வளைவுகளில்தான் நமது வாப்பாமார் கியர் மாற்றப் பழகினார்கள்.

அடுத்த பெரிய மாற்றம் 1928 இல் அமெரிக்காவில் வந்தது. கடிலக் கார்களில் ஏர்ல் தொம்சன் என்ற பொறியியலாளரின் சின்க்ரோமெஷ் பொருத்தப்பட்டது. அதுவரை கியர் மாற்ற கிளச்சை இரண்டு தடவை மிதிக்க வேண்டும். இல்லாவிட்டால் பற்கள் முட்டிக் கத்தும். சின்க்ரோமெஷ்ஷில் ஒரு கூம்பு முதலில் உரசி இரண்டு பக்கத்தின் வேகத்தையும் சமப்படுத்தும். அதன் பிறகு பற்கள் சத்தமில்லாமல் பொருந்தும். அந்தக் கூம்பில் உரசும் வளையத்தைப் பெரும்பாலும் பித்தளை, வெண்கலம் போன்ற செம்புக் கலவையில்தான் செய்தார்கள். உரசுவதே அதன் வேலை என்பதால் அது தேயத்தான் செய்யும். தேய்ந்த மஞ்சள் தூள் ஒயிலுக்குள்தான் விழும்.

இனி மைனர்.

இன்றைய துருக்கியின் இஸ்மீர் நகரில் பிறந்த அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த கார் அது. 1948 இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளியானது. பிரித்தானியக் கார்களில் முதன்முதலாக 10 இலட்சத்தைத் தொட்டது அதுதான். 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும்போது 16 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. நான்கு கியர், முதலாவதில் சின்க்ரோமெஷ் கிடையாது. அதனால்தான் பழைய டிரைவர்மார் கார் முழுதாக நிற்காமல் முதலாம் கியரைப் போட விட மாட்டார்கள்.

1960களில் நாட்டில் அந்நியச் செலாவணி வறண்டது. கார் இறக்குமதி இறுகியது. 1977 இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை, இருந்த கார்களைத்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. எங்கள் மெக்கானிக் நானா தொழில் பழகியது அந்தக் காலத்தில்தான். உதிரிப்பாகம் கிடைக்காதபோது, கெட்டுப் போக முன்பே கண்டுபிடிப்பதுதான் கெட்டித்தனம். ஒயிலை வடித்துப் பார்ப்பது அந்தத் தலைமுறையின் இரத்தப் பரிசோதனை. அப்படி வளர்ந்த கைகளுக்கு 1990களில் ஒரு மரியாதையும் கிடைத்தது. மைனருக்கான உடல் தகடுகள் இலங்கையில் செய்யப்பட்டு, அந்தக் கார் பிறந்த பிரித்தானியாவுக்கே அனுப்பப்பட்டன.

இப்போது எங்கள் காருக்கு வருவோம்.

நானா முதலில் கீழ் மூடியைத் தொட விடவில்லை. "மேல் மூடி கழருதா பாருங்க" என்றார். மைனரில் முன் கார்ப்பட்டைத் தூக்கினால் கியர் பொக்ஸ் மேட்டில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதை எடுத்தால் ஒயில் ஊற்றும் மூடி தெரியும். கீழே வடித்த பிறகு மேல் மூடி இறுகிப் போயிருப்பது தெரிந்தால், கார் ஒயில் இல்லாமல் அப்படியே நிற்க வேண்டியதுதான். இது யாருக்கும் பயன்படும் பாடம்.

பிறகு காரைச் சில மைல் ஓட்டி வரச் சொன்னார். ஒயில் சூடானால்தான் அடியில் தங்கிய அழுக்கு கலங்கி எழும்பும். திரும்பி வந்ததும் சமதரையில் நிறுத்தி, உம்மாவின் பழைய வெள்ளை எனாமல் பேசின் ஒன்றில் வடித்தோம். மைனர் கியர் பொக்ஸுக்கு 1.3 லீற்றர் அளவில்தான் பிடிக்கும்.

வந்த ஒயில் தார் போலக் கறுப்பு, பாகு போலத் தடிப்பு. மூக்கைத் துளைக்கும் கந்தக வாடை. நானாவின் முகம் மாறியது. "இது என்ஜின் ஒயில் இல்ல. யாரோ தொண்ணூறு ஊத்தியிருக்கான்."

சில வருடங்களுக்கு முன் ஒரு கராஜில் 'கியர் ஒயில்' மாற்றியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கியர் பொக்ஸ் என்றால் கியர் ஒயில்தானே என்று நாங்களும் கேள்வி கேட்காமல் காசு கொடுத்தோம்.

மைனரின் கியர் பொக்ஸுக்கு என்ஜினுக்கு ஊற்றும் அதே வகை ஒயில்தான். 90 ஒயில் பின் அச்சுக்கு. அங்கே இருப்பது ஹைப்போயிட் பற்சக்கரம். 1920களில் பக்கார்ட் கார்களில் வந்த அந்த வகையில் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று கடுமையாக வழுக்கி உரசும். அந்த அழுத்தத்தைத் தாங்கத்தான் ஒயிலில் கந்தகமும் பொஸ்பரசும் சேர்ந்த மருந்தைக் கலக்கிறார்கள். பின் அச்சில் அது இரும்பைக் காப்பாற்றும். கியர் பொக்ஸில், சூடு ஏறும்போது, அதே மருந்து செம்புக் கலவையை அரிக்கக் கூடும். அதோடு சின்க்ரோ வளையம் வேலை செய்ய ஓரளவு உரசல் வேண்டும். தடித்த, வழுக்கும் ஒயிலில் அது பிடிக்காமல் வழுக்கும். எங்கள் இரண்டாம் கியர் முரண்டு பிடித்ததற்கு வயது மட்டும் காரணமில்லை.

பேசினைக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தோம். பிறகு மேல் ஒயிலை மெதுவாகச் சரித்தோம். அடியில் வெயில் பட்டதும் மஞ்சளாக மின்னியது. காந்தம் ஒன்றைப் பொலித்தீனில் சுற்றி அடியில் ஓட்டினோம். மெல்லிய கறுப்புப் பசை ஒட்டிக்கொண்டது. அது இரும்புத் தூள், சாதாரணத் தேய்மானம். மஞ்சள் தூள் காந்தத்துக்கு அசையவில்லை. அது வளையங்களின் தூள், அளவுக்கு மேல் இருந்தது. விரலால் தடவிப் பார்த்தோம். பல் உடைந்த துண்டோ, பெயாரிங் சில்லோ இல்லை. "துண்டு வந்திருந்தா கழட்டணும். தூள்தான். தப்பிச்சீங்க" என்றார் நானா.

மரத்தூளும் தேடச் சொன்னார். கத்தும் கியரின் சத்தத்தை மறைக்க மரத்தூள் போட்டு விற்பது பழைய கார் வியாபாரத்தில் உலகமே அறிந்த தந்திரம். அல்ஹம்துலில்லாஹ், எங்கள் காரில் இல்லை.

கழுவும்போது மண்ணெண்ணெய் வேண்டாம் என்றார். அந்தக் காலத்தில் அவரும் மண்ணெண்ணெய் ஊற்றியவர்தான். அது அழுக்கை அரிக்கும், ஆனால் பெயாரிங்கில் இருக்கும் ஒயில் படலத்தையும் கழுவி விடும். மூலைகளில் தங்கி, புது ஒயிலையும் தண்ணியாக்கி விடும். அதனால் விலை குறைந்த மெல்லிய என்ஜின் ஒயிலைச் சரியான மட்டத்துக்கு ஊற்றினோம். கியர் நியூட்ரலில், கிளச்சை மிதிக்காமல், இயந்திரத்தைச் சில நிமிடம் மெதுவாக ஓட விட்டோம். கார் நகராது, ஆனால் உள்ளே பற்சக்கரங்கள் சுழன்று ஒயிலை எல்லாப் பக்கமும் அடிக்கும். சூட்டோடு வடித்தோம். முதல் தடவை மீண்டும் கறுப்பு. இரண்டாம் தடவை தேயிலைச் சாயம். மூன்றாம் தடவை பேசினின் அடி தெரிந்தது. அதன் பிறகுதான் 20டபிள்யூ50 ஒயிலை அளந்து ஊற்றினோம்.

இரண்டாம் கியர் இப்போது விழுகிறது. காலையில் இன்னும் கொஞ்சம் தயங்கும். தேய்ந்த வளையத்தைக் கழுவுதல் திருப்பித் தராது. ஆனால் மிச்சமிருப்பது மிச்சமாகும்.

இதை ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்?

2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அது தளர 2025 ஆகி விட்டது. 1960களின் பாடம் நம் காலத்திலேயே திரும்பி வந்தது. ஆனால் இந்த முறை பழைய கைகள் குறைந்து விட்டன. எங்கள் கார் கெடப் பார்த்தது பாகம் இல்லாததால் அல்ல. எந்தப் பெட்டிக்கு எந்த ஒயில் என்ற ஒரு சின்ன அறிவு ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு வந்து சேராததால். அந்த அறிவு எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. நம் தெருவில், கராஜை மூடிவிட்டு வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் நானாமாரிடம் இருக்கிறது.

இன்னொன்று. வடித்த ஒயில் எல்லாம் சேர்ந்து 5 லீற்றருக்கு மேல் வந்தது. கானில் ஊற்றினால் அடுத்த மழைக்கு மகா ஓயாவில். 1830களில் கட்டிய செங்கல் பாலத்தின் கீழ் ஓடும் அதே தண்ணீர்தான் கீழே உள்ளவர்களின் கிணற்றையும் நிரப்புகிறது. கானில் மூடி, பழைய ஒயில் சேகரிப்பவரிடம் கொடுத்தோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

வேலை முடிந்து நானாவுக்குக் காசு நீட்டினோம். வாங்கவில்லை. "ஒரு ரவுண்ட் கூட்டிட்டுப் போங்க" என்றார். கடுகண்ணாவை ஏற்றத்தில் வளைவுக்கு முன் மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது, கண்ணை மூடிக் காதைக் கொடுத்துக் கேட்டார். சத்தம் வரவில்லை. "ம்" என்றார். அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுப் பழைய கார், பழைய மெக்கானிக்மார் பற்றிய நினைவுகளைக் கீழே எழுதுங்கள். படம் இருந்தால் போடுங்கள். சேர்த்து வைப்போம், இன்ஷா அல்லாஹ்.