தொட்டி மண்ணுக்கு ஒரு சூத்திரம்

இங்கிலாந்தில் தொட்டி மண் மூட்டைகளின் மேல் ‘ஜான் இன்னஸ்’ என்று போட்டிருக்கும். அது ஏதோ உரக் கம்பெனி என்றுதான் ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன். அவர் ஒரு லண்டன் வியாபாரி. 1904-ல் இறந்துட்டார். அவர் விட்டுப்போன சொத்தில் 1910-ல் மெர்ட்டனில் ஒரு தோட்டக்கலை ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். முதல் இயக்குநர் வில்லியம் பேட்சன், மரபியல் துறைக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர்.

மரபியல்காரங்களுக்கு உரத்தில் என்ன வேலை? அவங்க வேலையே நாற்றுகளை எண்ணுவதுதானே. இந்த நிறம் எத்தனை, அந்த நிறம் எத்தனை என்று விகிதம் பார்க்கணும். பாதி நாற்று பூக்கும் முன்னாடியே அழுகிச் செத்தால் கணக்கே போச்சு. மெர்ட்டனில் பிரிமுலா செடிகளுக்கு அப்படித்தான் ஆனது.

அதுவரை தோட்டக்காரர்கள் செடிக்கு ஒரு கலவை வைத்திருந்தார்கள், அதில் பாதி தொழில் ரகசியம். 1930-களில் லாரன்ஸும் நியூவெல்லும் அதையெல்லாம் ஒதுக்கிட்டு ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். மண்ணை ஆவியில் சூடாக்கி நோயைக் கொன்றார்கள். கடைசியில் தேறியது, ஏழு பங்கு மண், மூன்று பங்கு பீட், இரண்டு பங்கு மணல்.

உரம் எடைக் கணக்கு. குளம்பு-கொம்புத் தூள் 2, சூப்பர் பாஸ்பேட் 2, பொட்டாசியம் சல்பேட் 1. முதல் எண் கலவையில் 36 லிட்டர் மண்ணுக்கு இந்த உரம் சுமார் 113 கிராம், கூடவே கொஞ்சம் சுண்ணாம்புத் தூள். செடி வளர்ந்து பெரிய தொட்டிக்குப் போகும்போது இரட்டிப்பு, அப்புறம் மும்மடங்கு. எடுத்த எடுப்பிலேயே அள்ளிப் போடக் கூடாது, சின்ன வேர் கருகிடும். கொம்புத் தூளைச் சேர்த்ததுக்கும் காரணம் இருக்கு. தொட்டிக்கு ஊற்றுகிற தண்ணி அடி ஓட்டை வழியா சத்தையும் கொண்டுபோயிடும். கொம்பு மெதுவா மட்கித்தான் நைட்ரஜனை விடும்.

சூத்திரத்தை நிலையம் பூட்டி வைக்கலை, 1939-ல் புத்தகமாகவே வந்தது. யார் வேணும்னாலும் கலந்து விற்கலாம். அதனால்தான் இத்தனை கம்பெனி மூட்டைகளிலும் ஒரே பெயர்.

கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் இருந்த ஜானகி அம்மாள் 1940 முதல் 1945 வரை மெர்ட்டனில்தான் வேலை பார்த்தார். அவர் தொட்டிகளிலும் இந்த மண்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.