பிரின்ஸ்டன் திட்டம்

பிரின்ஸ்டன் திட்டம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் பொதுப் பள்ளிகளில் நிலவிய இனப் பிரிவினையை நீக்குவதற்குக் கையாளப்பட்ட ஒரு வகுப்பு மறுசீரமைப்பு முறை ஆகும். அருகருகே உள்ள இரண்டு பள்ளிகள் தத்தம் சுற்றுப்புறப் பிள்ளைகளுக்கு எல்லா வகுப்புகளையும் தனித்தனியே நடத்துவதை விடுத்து, வகுப்புகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்வதே இதன் அடிப்படை. கீழ் வகுப்புகள் அனைத்தும் ஒரு கட்டடத்திலும் மேல் வகுப்புகள் அனைத்தும் மற்றொரு கட்டடத்திலும் நடைபெறும். 1948 ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி மாநிலத்தின் பிரின்ஸ்டன் நகரில் நடைமுறைக்கு வந்ததால் இப்பெயர் பெற்றது. பள்ளிகளை இணைகளாக்குதல் என்றும் இது குறிப்பிடப்படுவதுண்டு.

பின்னணி

ஐக்கிய அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் எனப்படுவது தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ உள்ள நிர்வாக மாவட்டம் போன்றதன்று. அது பள்ளிகளை நடத்துவதற்கென்றே அமைந்த ஓர் உள்ளாட்சி அலகு. சில ஆயிரம் மாணவர்களை மட்டும் கொண்ட பள்ளி மாவட்டங்களும் உண்டு. பெரும்பாலானவற்றைத் தேர்தல் வழி அமைந்த கல்விக் குழு ஒன்று நடத்துகிறது. செலவின் கணிசமான பகுதி உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. எந்தக் கட்டடத்தில் எந்த வகுப்புகள் நடைபெறும், எந்தத் தெருவில் வசிக்கும் பிள்ளை எந்தப் பள்ளிக்குச் செல்லும் என்பவற்றைத் தீர்மானிப்பதும் இக்குழுவே.

வகுப்புகளைப் பிரிக்கும் எல்லைக்கோடு எக்காலத்தும் ஒன்றாக இருந்ததில்லை. வயதுவாரியாக வகுப்புகளைப் பிரித்து நடத்தும் முறைக்கு 1847 இல் பாஸ்டனில் தொடங்கிய குவின்சி பள்ளி முன்னோடியாகக் கருதப்படுகிறது. அதன் பின்னர் 8ஆம் வகுப்பு வரை ஒரே பள்ளியில் பயில்வது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 1909 இல் ஒகையோவின் கொலம்பசிலும் கலிபோர்னியாவின் பெர்க்லியிலும் இளநிலை உயர்நிலைப் பள்ளிகள் தோன்றின. 1960களுக்குப் பின் 6 முதல் 8 வரையிலான நடுநிலைப் பள்ளிகள் பரவின. பிரின்ஸ்டன் திட்டம் இந்த நெகிழ்வைப் பயன்படுத்திக்கொண்டது. குடியிருப்புகளை மாற்றுவது கல்விக் குழுவின் கையில் இல்லை, வகுப்பு எல்லையை மாற்றுவது அதன் கையில் இருந்தது.

செயற்படும் முறை

ஓர் எளிய கணக்கு இதனை விளக்கும். "அ" என்னும் பள்ளியிலும் "ஆ" என்னும் பள்ளியிலும் மழலையர் வகுப்பு முதல் 5ஆம் வகுப்பு வரை ஆறு வகுப்புகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு வகுப்பிலும் 50 பேர் வீதம் ஒவ்வொரு பள்ளியிலும் 300 பேர் பயில்கின்றனர். முதற்பள்ளியில் வெள்ளையினப் பிள்ளைகளும் மற்றதில் கறுப்பினப் பிள்ளைகளும் மட்டுமே உள்ளனர். இப்போது மழலையர் முதல் 2ஆம் வகுப்பு வரை "அ" பள்ளிக்கும், 3 முதல் 5 வரை "ஆ" பள்ளிக்கும் ஒதுக்கப்பட்டால், ஒவ்வொரு கட்டடத்திலும் முன்போலவே 300 பேர் இருப்பர். புதிய கட்டடம் தேவைப்படாது. ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் இரு இனத்தவரும் சம அளவில் கலந்த 100 பேர் இருப்பர்.

கட்டடங்கள் அளவில் வேறுபட்டால் வெட்டும் இடம் மாறும். 400 இடங்கள் உள்ள கட்டடத்துக்கு நான்கு வகுப்புகளும் 200 இடங்கள் உள்ளதற்கு இரண்டு வகுப்புகளும் செல்லும். இரண்டுக்கு மேற்பட்ட பள்ளிகளையும் இவ்வாறு சேர்க்கலாம்.

இத்திட்டத்தின் வலிமை, விலக்கு எவருக்கும் இல்லாமையில் உள்ளது. குறிப்பிட்ட சில பிள்ளைகள் மட்டும் வேறு பகுதிக்கு அனுப்பப்படுவதில்லை. ஒவ்வொரு குடும்பத்தின் பிள்ளையும் சில ஆண்டுகள் ஒரு கட்டடத்திலும் சில ஆண்டுகள் மற்றதிலும் பயில்வதால், இரு கட்டடங்களின் நிலையும் இரு தரப்புப் பெற்றோரின் கவலையாகிறது. எதிர்ப்பு கடுமையாக எழுந்ததற்கும் இதுவே காரணம்.

பிரின்ஸ்டன் நகரில்

பிரின்ஸ்டன் புகழ்பெற்ற பல்கலைக்கழக நகரமாயினும் அங்குத் தெற்கு மாநிலங்களைப் போன்ற பிரிவினை நிலவியது. கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளியின் வரலாறு, அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்று ஆசிரியராக விளங்கிய பெட்சி ஸ்டாக்டன் 19ஆம் நூற்றாண்டில் நடத்திய பள்ளி வரை பின்னோக்கிச் செல்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரின் உயர்நிலைப் பள்ளி கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1898 இல் இங்குப் பிறந்த பாடகர் பால் ரோப்சனின் அண்ணன் உயர்நிலைக் கல்விக்காக ட்ரென்டன் நகருக்குச் செல்ல நேர்ந்தது. பின்னர் உயர்நிலைப் பள்ளி திறந்துவிடப்பட்டாலும் தொடக்கப் பள்ளிகள் பிரிந்தே இருந்தன. வெள்ளையினப் பிள்ளைகள் நாசோ வீதிப் பள்ளியிலும், கறுப்பினப் பிள்ளைகள் குவாரி வீதியில் இருந்த விதர்ஸ்பூன் பள்ளியிலும் பயின்றனர். இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தே செல்லக்கூடிய தொலைவில் இருந்தன.

மாற்றத்துக்கு வழி வகுத்தது 1947 ஆம் ஆண்டின் நியூ ஜெர்சி அரசியலமைப்பு. அதன் முதற்பிரிவின் 5ஆம் பத்தி, இனம், நிறம், சமயக் கொள்கை, மரபு, தேசியப் பூர்வீகம் ஆகியவற்றின் பேரால் பொதுப் பள்ளிகளிலும் குடிப்படையிலும் எவரையும் பிரித்து வைப்பதைத் தடை செய்தது. நாடு தழுவிய பிரௌன் வழக்குத் தீர்ப்பு வந்தது 1954 இல். அதற்கு ஏழு ஆண்டுகள் முன்னரே ஒரு மாநிலம் இதனைத் தன் அரசியலமைப்பில் எழுதிவிட்டது என்பது அவ்வளவாக அறியப்படாத செய்தி.

1948 இல் பிரின்ஸ்டன் கல்விக் குழு, மழலையர் முதல் 5ஆம் வகுப்பு வரை அனைவரையும் நாசோ வீதிப் பள்ளிக்கும், 6 முதல் 8 வரை அனைவரையும் விதர்ஸ்பூன் பள்ளிக்கும் அனுப்பியது. கறுப்பினப் பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்த ஹவர்ட் வாக்ஸ்வுட், இரு இனத்தவரும் பயிலும் பள்ளியின் தலைமை ஆசிரியராகத் தொடர்ந்தார். இது சிறிய செய்தியன்று. பிரௌன் தீர்ப்புக்குப் பின் தெற்கு மாநிலங்களில் இணைப்பு என்பது பெரும்பாலும் கறுப்பினப் பள்ளியை மூடுவதாகவே முடிந்தது. பல்லாயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்கள் வேலை இழந்தனர், தலைமை ஆசிரியர்கள் கீழ்ப்பதவிகளுக்குத் தள்ளப்பட்டனர்.

நியூ யார்க் மாநிலத்தில்

நியூ யார்க் நகருக்கு வடக்கே உள்ள கிரீன்பர்க் பள்ளி மாவட்டம் 1951 இல் இத்திட்டத்தைத் தானாகவே ஏற்றுக்கொண்டது. லாங் தீவில் உள்ள மால்வெர்ன் பள்ளி மாவட்டத்தில் நிலைமை வேறு. அங்கிருந்த மூன்று தொடக்கப் பள்ளிகளுள் ஒன்றில் மட்டும் கறுப்பினப் பிள்ளைகள் பெரும்பான்மையாக இருந்தனர். மாநிலக் கல்வி ஆணையர் ஜேம்ஸ் ஆலன் 1963 இல் பிரின்ஸ்டன் திட்டத்தின்படி வகுப்புகளைப் பங்கிடுமாறு ஆணையிட்டார். மறியல்களுக்கும் வழக்குகளுக்கும் இடையே ஆணை 1966 இல்தான் நடைமுறைக்கு வந்தது.

நியூ யார்க் நகரில் 1964 பெப்ரவரி 3 அன்று, பிரிவினையை நீக்கும் திட்டம் கோரி நடந்த ஒருநாள் புறக்கணிப்பில் 4,60,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளிக்குச் செல்லவில்லை. நகரக் கல்விக் குழு சில பள்ளிகளை மட்டும் இணைகளாக்க முன்வந்தது. அதனை எதிர்த்து மார்ச் மாதத்தில் ஏறத்தாழ 15,000 வெள்ளையினப் பெற்றோர் புரூக்ளின் பாலத்தின் வழியே ஊர்வலம் சென்றனர். அவ்வாண்டு செப்டம்பரில் நான்கு இணைகள் மட்டுமே செயற்பட்டன. குவீன்சில் ஜாக்சன் ஹைட்சும் கொரோனாவும் சேர்ந்த இணை அவற்றுள் ஒன்று. சில தெருக்கள் தள்ளியிருந்த பள்ளிக்கே எதிர்ப்பு இவ்வளவு எனில், தொலைவு மட்டும் காரணமாக இருந்திருக்க இயலாது.

பெர்க்லியில்

பிரின்ஸ்டனில் இரண்டு கட்டடங்களுக்கு நடந்ததைக் கலிபோர்னியாவின் பெர்க்லி ஒரு நகரம் முழுவதற்கும் செய்தது. பெர்க்லியின் கிழக்கே உள்ள குன்றுப் பகுதியில் வெள்ளையினத்தவரும், விரிகுடாவை ஒட்டிய சமவெளிப் பகுதியில் கறுப்பினத்தவரும் மிகுதியாக வசித்தனர். 1964 இல் முதலில் இளநிலை உயர்நிலைப் பள்ளிகள் மாற்றப்பட்டன. நகரின் 9ஆம் வகுப்பு மாணவர் அனைவரும் ஒரே பள்ளிக்கும், 7, 8ஆம் வகுப்பினர் மற்ற இரு பள்ளிகளுக்கும் அனுப்பப்பட்டனர். இதற்காகக் கல்விக் குழு உறுப்பினர்களைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்க அவ்வாண்டே வாக்கெடுப்பு நடந்து தோல்வியடைந்தது. அதே ஆண்டில் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றவர் நீல் சல்லிவன். பிரிவினையைக் கைவிட மறுத்து 1959 இல் பொதுப் பள்ளிகளையே மூடிவிட்ட வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில், கறுப்பினப் பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளிகளை 1963-64 இல் நடத்தியவர் அவர்.

1968 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகள் மாற்றப்பட்டன. குன்றிலிருந்து விரிகுடா வரை நீளும் நான்கு வலயங்களாக நகரம் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு வலயத்திலும் மழலையர் முதல் 3ஆம் வகுப்பு வரையிலான பள்ளிகள் சிலவும், 4 முதல் 6 வரையிலான பள்ளி ஒன்றும் அமைந்தன. 4 முதல் 6 வரை சமவெளியில் நடந்ததால் வெள்ளையினப் பிள்ளைகள் கீழிறங்கி வந்தனர். அதற்கு முந்தைய வகுப்புகளில் கறுப்பினப் பிள்ளைகள் பேருந்தில் மேலே சென்றனர். நீதிமன்ற ஆணை எதுவும் இன்றி இருவழியிலும் பேருந்து விட்ட நகரம் என்ற வகையில் பெர்க்லி பரவலாகக் கவனிக்கப்பட்டது.

சென்னையில் பிறந்த ஆய்வாளர் சியாமளா கோபாலனின் மகளும், 2021 முதல் 2025 வரை துணைக் குடியரசுத் தலைவராக இருந்தவருமான கமலா ஹாரிஸ், சமவெளியிலிருந்து தவுசண்ட் ஓக்ஸ் தொடக்கப் பள்ளிக்கு இத்திட்டத்தின் கீழ்ப் பேருந்தில் சென்றவர். 2019 சூனில் நடந்த தேர்தல் விவாதத்தில், பேருந்துத் திட்டங்களை 1970களில் எதிர்த்த ஜோ பைடனை நோக்கி அவர் இதனைச் சுட்டிக்காட்டினார். 1990களின் நடுவில் பெர்க்லி 5ஆம் வகுப்பு வரையிலான பள்ளிகளுக்குத் திரும்பியது. ஆயினும் வலயங்களையும் கலப்பு நோக்கத்தையும் கைவிடவில்லை.

நீதிமன்றத் தீர்ப்புகள்

1968 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த கிரீன் வழக்கு, வர்ஜீனியாவின் நியூ கென்ட் கவுண்டியைப் பற்றியது. அங்கு இரண்டே பள்ளிகள். இரு இனத்தவரும் கலந்து வசித்த அப்பகுதியில் 21 பேருந்துகள் ஒரே சாலைகளில் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, 11 பேருந்துகள் கறுப்பினப் பள்ளிக்கும் 10 பேருந்துகள் வெள்ளையினப் பள்ளிக்கும் பிள்ளைகளைப் பிரித்துச் சேர்த்தன. விரும்பிய பள்ளியைத் தேர்ந்துகொள்ளலாம் என்ற மூன்று ஆண்டுத் திட்டத்தில் ஒரு வெள்ளையினப் பிள்ளைகூடக் கறுப்பினப் பள்ளியைத் தேரவில்லை. 85 விழுக்காடு கறுப்பினப் பிள்ளைகள் அங்கேயே இருந்தனர். ஒரு கட்டடத்தில் 1 முதல் 7 வரையும் மற்றதில் 8 முதல் 12 வரையும் நடத்தலாம் என்று வழக்குத் தொடுத்தோர் கூறிய யோசனையைத் தீர்ப்பின் அடிக்குறிப்பு எடுத்துக்காட்டியது.

1971 ஏப்ரல் 20 அன்று வந்த சுவான் வழக்குத் தீர்ப்பு, பள்ளிகளை இணைகளாகவும் தொகுதிகளாகவும் அமைப்பதை ஏற்கத்தக்க வழிமுறை என ஒருமனதாக உறுதி செய்தது. வட கரொலைனாவின் சார்லட் நகரில் ஒன்பது கறுப்பினத் தொடக்கப் பள்ளிகள் 24 புறநகர்ப் பள்ளிகளுடன் தொகுக்கப்பட்டன. 1 முதல் 4ஆம் வகுப்பு வரை கறுப்பினப் பிள்ளைகள் புறநகருக்கும், 5, 6ஆம் வகுப்புகளில் வெள்ளையினப் பிள்ளைகள் நகருக்குள்ளும் அழைத்துச் செல்லப்பட்டனர்.

சிக்கல்கள்

மேற்கண்ட எண்களைக் கூர்ந்து நோக்கினால் ஒரு சாய்வு புலப்படும். சார்லட்டில் கறுப்பினப் பிள்ளை நான்கு ஆண்டுகள் பயணம் செய்தது, வெள்ளையினப் பிள்ளை இரண்டு ஆண்டுகள். பெர்க்லியில் நான்குக்கு மூன்று. இரண்டிடத்தும் மிகச் சிறிய வயதில் வீட்டைவிட்டுத் தொலைவு சென்றது கறுப்பினப் பிள்ளையே. வெள்ளையினப் பெற்றோர் வெளியேறிவிடுவர் என்ற அச்சம் எல்லைக்கோட்டை வரைந்தவர்களிடம் இருந்தது. வகுப்புகளைப் பங்கிடும் கணக்கு நடுநிலையானது, எந்தப் பாதி எந்தக் கட்டடத்துக்கு என்ற முடிவு அவ்வாறன்று.

இனச் சிக்கலுடன் தொடர்பற்ற குறைகளும் உண்டு. இரண்டு வயது இடைவெளி உள்ள உடன்பிறப்புகளை எடுத்துக்கொண்டால், 5ஆம் வகுப்பு வரையிலான ஒரே பள்ளியில் அவர்கள் நான்கு ஆண்டுகள் சேர்ந்து பயில்வர். 3ஆம் வகுப்பில் பள்ளி மாறினால் அவற்றுள் இரண்டு ஆண்டுகள் வெவ்வேறு கட்டடங்களில் இருப்பர். பெற்றோர் காலையில் இரண்டு இடங்களுக்குச் செல்ல வேண்டும். பள்ளி மாற்றம் ஒன்று கூடுவதும் கவலைக்குரியதாகக் கருதப்படுகிறது. நியூ யார்க் நகர மாணவர்களைப் பற்றி ரோக்காஃப், லாக்வுட் ஆகியோர் 2010 இல் வெளியிட்ட ஆய்வு, நடுநிலைப் பள்ளிக்கு மாறும் ஆண்டில் மதிப்பெண்கள் குறைவதைக் காட்டியது. அது மேல் வகுப்புகளைப் பற்றியது, சிறு வகுப்புகளுக்கு அப்படியே பொருத்துவது சரியன்று. மறுபுறம், ஒரு வகுப்பின் ஆசிரியர் அனைவரும் ஒரே கட்டடத்தில் இருப்பதால் சேர்ந்து திட்டமிடுவது எளிதாகிறது. இதனால் மாணவர் தொகை குறைந்துவரும் மாவட்டங்களும் இவ்வமைப்பை நாடுகின்றன.

பிற்காலம்

2007 இல் சியாட்டில், லூயிவில் வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற அளவில், தனி மாணவரின் இனத்தைக் கொண்டு பள்ளி ஒதுக்குவதற்குத் தடை விதித்தது. பெரும்பான்மையினருடன் வாக்களித்த நீதிபதி கென்னடி, பள்ளி எல்லைகளை வரைவது போன்ற பொதுவான வழிகளுக்கு இடமுண்டு எனத் தனியே எழுதினார். வகுப்புகளைப் பங்கிடும் முறை தனி மாணவரின் இனத்தைப் பார்ப்பதில்லை என்பதால் பழைய திட்டத்தின்மீது மீண்டும் கவனம் திரும்பியது. சார்லட்டில் 2018 முதல் பில்லிங்ஸ்வில், காட்ஸ்வோல்ட் ஆகிய இரு பள்ளிகள் இணைக்கப்பட்டு, மழலையர் முதல் 2 வரை முதலாவதிலும் 3 முதல் 5 வரை இரண்டாவதிலும் அமைக்கப்பட்டன.

பிரின்ஸ்டனின் இரு கட்டடங்களும் இப்போது பள்ளிகளாக இல்லை. நாசோ வீதிப் பள்ளிக் கட்டடம் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் உடைமையாகிக் கலைத்துறைகளுக்குப் பயன்பட்டது. குவாரி வீதிக் கட்டடம் அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்றப்பட்டு வாக்ஸ்வுட்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது.