தழும்பின் சரித்திரம்

சீசர் என்றதும் எங்கள் மாணவருக்கு உரோமாபுரி நினைவுக்கு வரும். அவர்களுடைய தாய்மாருக்கு வைத்தியசாலை நினைவுக்கு வரும். ஜூலியஸ் சீசர் தாயின் வயிற்றைக் கீறி எடுக்கப்பட்டவர் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் அவருடைய தாய் ஒளரேலியா, மகன் வளர்ந்து ஆளான பின்னரும் உயிரோடிருந்தவர். அக்காலத்தில் கீறப்பட்டது இறந்துபோன கர்ப்பிணியின் வயிறு. சீசர் என்ற பெயருக்கு விளக்கம் சொன்ன அல்பிரூனியும் பிரசவ வேதனையில் இறந்த தாயையே குறிப்பிடுகிறார். 1307ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட அவருடைய நூற்பிரதியொன்றில் அக்காட்சி ஓவியமாகவே உள்ளது. அப்பிரதி எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. தழும்பு என்பது பிழைத்தவளுக்கு மட்டுமே உரியது. ஆகவே கீறலின் வரலாறு பழையது, தழும்பின் வரலாறு புதியது.

பிர்தௌசியின் ஷாநாமாவில் ருஸ்தமின் தாய் ரூதாபா பிழைக்கிறாள். அவளை மதுவால் மயக்கி, விலாவைக் கீறிக் குழந்தையை எடுத்து, தைத்து, மருந்திட்டு, சீமுர்க் பறவையின் இறகால் தடவுகிறார்கள். காயம் ஆறிவிடுகிறது. அதன்பின் ரூதாபா அந்த வயிற்றோடு எப்படி வாழ்ந்தாள் என்பது காவியத்துக்கு வேண்டாத விடயம்.

மருத்துவர்களும் அப்படித்தான். 1879இல் இன்றைய உகண்டாவிலுள்ள புன்யோரோவில் ரொபேர்ட் பெல்கின் என்பவர் இச்சிகிச்சையை நேரிற் கண்டார். வாழைப்பழ மது, ஏழு இரும்பு ஊசிகள், பதினோராம் நாள் ஆறிய காயம் என்று எல்லாவற்றையும் குறித்துவைத்தார். சுமார் இருபது வயதான அந்தப் பெண் பின்னர் குடம் சுமந்தாளா, குனிந்து நிமிர்ந்தாளா என்பது அவருடைய குறிப்பில் இல்லை.

அதே காலத்து ஐரோப்பாவில் கீறிய கருப்பையைத் தைக்காமலே விடும் வழக்கம் இருந்தது. தாய்மாரில் பெரும்பாலோர் இறந்தனர். 1876இல் இத்தாலியரான போரோ கருப்பையையே அகற்றித் தாயைக் காப்பாற்றினார். 1882இல் லைப்சிக் நகரின் மக்ஸ் செங்கர், வெள்ளிக்கம்பியாலும் பட்டு நூலாலும் கருப்பையைத் தைக்கும் முறையை எழுதினார். தழும்போடு வாழும் பெண்கள் பெருகத் தொடங்கியது அதன் பிறகே. 1900இல் பான்னென்ஸ்டீல் என்ற ஜேர்மனியர் அடிவயிற்றில் குறுக்காகக் கீறும் முறையை வெளியிட்டார். குடலிறக்கம் குறைந்தது, தழும்பும் மறைந்தது. ஆயினும் தொப்புளுக்குக் கீழான நெட்டுக்கீறல் பல பத்தாண்டுகள் நீடித்தது.

எங்கள் உம்மம்மாமாரிற் சிலருக்கு அந்த நெட்டுத்தழும்புதான். பாவாடை நாடா அதன் மேலேயே விழும். குறுக்குத்தழும்புக்காரிகளுக்கு வேறு உபத்திரவம்: மடிப்பில் வியர்வை, அரிப்பு, நரம்பு அறுந்த இடத்தில் மாதக்கணக்கில் மரமரப்பு. சிலருக்குத் தழும்பு தடித்துப் புடைத்துவிடும். இருமவும் சிரிக்கவும் வயிற்றைக் கையால் தாங்கிக்கொள்ளும் முதல் வாரங்களைப் பெற்றவள்தான் அறிவாள். கணவனுக்கு முன்னும் விளக்கை அணைத்துவிட்டே உடை மாற்றும் பெண்கள் இருக்கிறார்கள்.

இவற்றைவிட நமது மொழி செய்யும் காயம் பெரிது. ஒன்றைச் சுகப்பிரசவம் என்று சொன்னால் மற்றதை என்ன என்பது? ‘நோகாமல் பெத்தவள்’ என்பார்கள் வீட்டுக்கு வரும் மாமிமார். விறைப்பு மருந்து விட்டபின் வரும் நோவை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. தழும்பை மறைத்த வைத்தியம் இந்தப் பேச்சுக்கு வசதியும் செய்து கொடுத்துவிட்டது. நொந்தேன் என்பதற்கு அவளிடமுள்ள ஒரே சாட்சி, யாருக்கும் காட்ட முடியாத இடத்தில் இருக்கிறது.