ஒகையோ ஆளுநர் தேர்தல், 1855

ஒகையோ ஆளுநர் தேர்தல், 1855 என்பது ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் 1855 அக்டோபர் 9 அன்று நடைபெற்ற தேர்தலாகும். இதில் அடிமை முறை எதிர்ப்பாளரான சால்மன் பி. சேஸ், அப்போதைய ஆளுநர் வில்லியம் மெடிலைத் தோற்கடித்து, ஒகையோவின் முதல் குடியரசுக் கட்சி ஆளுநரானார். அமெரிக்காவில் கட்சிகள் சிதறிப் புதிதாக அணிசேர்ந்த காலகட்டத்தைப் புரிந்துகொள்ள இத்தேர்தல் உதவுகிறது.

பின்னணி

1850-களின் தொடக்கத்தில் சனநாயகக் கட்சியும் விக் கட்சியும் முதன்மைக் கட்சிகளாக இருந்தன. அடிமை முறை புதிய ஆட்சிப்பகுதிகளுக்குப் பரவுவதை எதிர்த்த சுதந்திர நிலக் கட்சி சிறியதாக இருந்தாலும் செல்வாக்குப் பெற்றிருந்தது. 1854 மே 30 அன்று நிறைவேறிய கேன்சஸ்-நெப்ராஸ்கா சட்டம் இந்நிலையை மாற்றியது. 1820-ஆம் ஆண்டின் மிசூரி உடன்பாட்டின்படி அடிமை முறை தடைசெய்யப்பட்டிருந்த பகுதியில், அதை அனுமதிப்பதா என்பதைக் குடியேறிகளே முடிவு செய்ய இச்சட்டம் வழிவிட்டது. வட மாநிலங்களில் கடும் எதிர்ப்பு எழுந்தது. 1854 தேர்தலில் இச்சட்டத்தை எதிர்த்த கூட்டணி, ஒகையோவின் 21 பிரதிநிதிகள் அவை இடங்களையும் கைப்பற்றியது.

அக்கூட்டணியில் முன்னாள் விக் கட்சியினர், சனநாயகக் கட்சியிலிருந்து விலகியோர், சுதந்திர நிலக் கட்சியினர் ஆகியோருடன் 'நோ நத்திங்' இயக்கத்தினரும் இருந்தனர். இவ்வியக்கம் கத்தோலிக்கரையும் வெளிநாட்டுக் குடியேறிகளையும் எதிர்த்தது. இரகசியக் கழகமாகத் தொடங்கிய இதன் உறுப்பினர்கள், வினவப்படும்போது 'எனக்கு ஒன்றும் தெரியாது' எனக் கூறியதால் இப்பெயர் ஏற்பட்டது.

வேட்பாளர்கள்

சேஸ் ஒரு வழக்குரைஞர். தப்பி வந்த அடிமைகளுக்காகவும் அவர்களுக்கு உதவியோருக்காகவும் வாதாடியவர். 1849-இல் சுதந்திர நிலக் கட்சியினரும் சனநாயகக் கட்சியினரும் ஒகையோ சட்டமன்றத்தில் செய்துகொண்ட உடன்பாட்டினால் அவர் மேலவை உறுப்பினரானார். அதே உடன்பாட்டினால் கறுப்பினத்தவருக்கு எதிரான மாநிலச் சட்டங்கள் பலவும் நீக்கப்பட்டன. ஆயினும் விக் கட்சியினர் பலர் இதற்காக அவரை மன்னிக்கவில்லை.

1855 சூலை 13 அன்று கொலம்பசில் கூடிய மாநாடு சேசை ஆளுநர் வேட்பாளராக்கியது. அதற்கு ஈடாக, துணை ஆளுநர் வேட்பாளர் தாமசு ஃபோர்டு உள்ளிட்ட மற்ற வேட்பாளர்களில் பெரும்பாலோர் நோ நத்திங் பின்னணியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டனர். இந்த ஏற்பாடு சேசுக்குச் சிக்கலானது. செருமானியக் குடியேறிகளின் வாக்குகளும் அவருக்குத் தேவைப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரலில்தான் சின்சினாட்டி நகரில் செருமானியருக்கும் குடியேறிகளை எதிர்த்தோருக்கும் இடையே தேர்தல் கலவரம் நிகழ்ந்திருந்தது.

சேசை ஏற்காத நோ நத்திங் பிரிவினரும் பழைய விக் கட்சியினரும் 1820-களில் ஆளுநராக இருந்த ஆலன் டிரிம்பிளை ஆதரித்தனர்.

முடிவுகள்

- சால்மன் பி. சேஸ் (குடியரசுக் கட்சி): 1,46,770 வாக்குகள் (48.6%)
- வில்லியம் மெடில் (சனநாயகக் கட்சி): 1,31,019 வாக்குகள் (43.4%)
- ஆலன் டிரிம்பிள் (அமெரிக்கக் கட்சி): 24,276 வாக்குகள் (8.0%)

சேஸ் 15,751 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றாலும், பாதிக்கும் குறைவான வாக்குகளையே பெற்றார். 1851-ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பின்படி 21 வயது நிறைந்த வெள்ளை ஆண்கள் மட்டுமே வாக்களிக்க முடிந்தது. எனவே அடிமை முறை குறித்த இத்தேர்தலில் கறுப்பினத்தவருக்கு வாக்கில்லை.

விளைவுகள்

சேஸ் 1856 சனவரி 14 அன்று பதவியேற்றார். அக்காலத்தில் ஒகையோ ஆளுநருக்குச் சட்டங்களை மறுக்கும் அதிகாரம் கிடையாது. அது 1903-இல்தான் வழங்கப்பட்டது. பதவியேற்ற இரு வாரங்களில், கென்டக்கியிலிருந்து உறைந்த ஒகையோ ஆற்றைக் கடந்து தப்பி வந்த மார்கரெட் கார்னர் சின்சினாட்டியில் பிடிபட்டார். மகள் மீண்டும் அடிமையாவதைவிட இறப்பதே மேல் எனக் கருதி, இரண்டு வயதுக் குழந்தையை அவர் கொன்றிருந்தார். அவரை ஒகையோவில் கொலை வழக்கில் நிறுத்த முயற்சி நடந்தது. ஆனால் கூட்டரசின் தப்பியோடிய அடிமைகள் சட்டப்படி அவர் திருப்பி அனுப்பப்பட்டார். மாநில ஆளுநரின் அதிகார எல்லையை இந்நிகழ்வு வெளிப்படுத்தியது. டோனி மாரிசனின் 'பிலவ்டு' (1987) புதினத்திற்கு இதுவே தூண்டுதலாக அமைந்தது.

1857 தேர்தலில் சேஸ் சுமார் 1,500 வாக்குகள் வித்தியாசத்தில் மீண்டும் வென்றார். பின்னர் ஆபிரகாம் லிங்கனின் அமைச்சரவையில் கருவூலச் செயலராகவும் (1861–1864), உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவும் (1864–1873) பணியாற்றினார்.